ஆளில்லாத ஒரு படம்

ஸ்வர்ணலதா காபியோடு வரவும் முரளிதரன் செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போனில் எதைப் பார்ப்பான் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அது இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது குஜராத் மேப்.

மேப்பின் மேல் ஓரத்தில் கட்ச் பாலைவனம். உப்பு பூத்துக் கிடக்கிற பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, அதற்குமேல் வானம், அவ்வளவுதான். மரம் கிடையாது, வீடு கிடையாது. முக்கியமாக, ஆள் கிடையாது. அந்த இடத்தில் கேமராவை நிறுத்தி ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஏக்கம்.

திருப்பதியில் அவர் கல்யாண போட்டோகிராபர். தொழிலில் பூராவும் மூஞ்சி. வீட்டில் அதைவிட அதிகம். நகரியோ, புத்தூரோ, சத்தியவேடோ, எந்தச் சொந்தக்காரர் மலைக்கு வந்தாலும் முதலில் இறங்குவது இவர் வீட்டில்தான். திருப்பதியில் வீட்டை வைத்துக்கொண்டு சொந்தக்காரனை லாட்ஜுக்கு அனுப்பிவிட்டு ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியுமா? எப்போதாவது இயற்கைக் காட்சி எடுக்கக் கிளம்பினாலும் வந்திருப்பவர்கள் கூடவே வண்டியில் ஏறிவிடுவார்கள். தலக்கோணா அருவியை அவர் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார். ஒன்றிலும் அருவி தெரியாது. சிட்டிபாபு மாமா ஈரத் துண்டோடு தெரிவார்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கிளம்புவதென்றால் அந்த மாதம்தான் கிளம்ப முடியும். ஆனால் மார்கழியில்தான் வைகுண்ட ஏகாதசி. அதற்கு வருகிற கூட்டத்தில் அவர் சொந்த வீட்டிலேயே படுக்க இடம் தேடுவார். இந்த வருடம் ஏகாதசிக்கு முன்பே, காரை எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாகப் போயே தீருவது என்று, மார்கழிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டார்.

பாக்கி இருந்தது ஸ்வர்ணலதாவிடம் சொல்வதுதான். உப்பைப் பார்க்கப் போகிறேன் என்றால், செட்டியார் கடையில் இல்லாத உப்பா என்று கேட்பாள். நானும் வருகிறேன் என்று அவள் கிளம்பினால் மறுக்க அவருக்கு வாய் வராது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் காளஹஸ்தியைத் தாண்டியதில்லை.

"ஸ்வர்ணா, ஒரு இருபது நாளு ஊருக்குப் போலாம்னு இருக்கறேன்."

"எந்த ஊருக்கு?"

"காசிக்கு." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "ஒண்டியா போறதா வேண்டுதல். காரை நானே ஓட்டிக்கினு போறேன்."

வெளியே ஹாலில் சத்தியவேட்டுக்காரர்கள் மொட்டைத் தலைகளோடு டிபனுக்குக் காத்திருந்தார்கள். ஸ்வர்ணலதா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஏகாதசிக்கு இருக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சரி, போயிட்டு வாங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமா என்று முரளிதரனுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம் மத்தியானம் வரைக்கும் நீடித்தது. நகரியிலிருந்து சிட்டிபாபு மாமா போன் செய்தார்.

"இன்னாடா முரளி, காசிக்குப் போறியாமே? ஏகாதசிக்கு உன் வூட்டுக்கு வர்லாம்னு இருந்தேன். அதுக்குப் பதிலா உன்கூடவே வந்துடறேன்."

"உங்களுக்கு யாரு மாமா சொன்னாங்க?"

"யாரு சொன்னா இன்னா? நல்ல விஷயம்தானே."

முரளிதரன் சமையலறைக்குப் போனார். "மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வூடு பூரா ஆளு," என்றாள் ஸ்வர்ணலதா, சட்னியைத் தாளித்துக்கொண்டே. "எந்தப் பேச்சு நிக்குது இங்க?"

அதுவும் நியாயம்தான். மாமாவை எப்படிக் கழற்றிவிடுவது என்று யோசித்து, திரும்ப போன் போட்டார். "மாமா, என் கார் பழசு. பின்சீட்டு பூரா சாமான். ஒரு ஆளுதான் போக முடியும்."

"அதான் தெரியுமே. டெம்போ டிராவலர் பேசிட்டேன். புத்தூர் ரமணா வண்டி, ஏசி. சீட்டு நெறைய இருக்குது, உன் அத்தையும் வரா."

சின்னக் கார் என்று சொன்னதில் பெரிய வண்டி வந்து சேர்ந்தது. வண்டி வந்தால் சீட்டு காலியாகக் கிடக்குமா? புத்தூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள்.

முரளிதரன் வேறு வழி பார்த்தார். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரு செய்தி போட்டார். இது சாதாரண யாத்திரை இல்லை. கிளம்புவதற்கு முன்பு மண்டல விரதம் இருக்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காபி டீ கூடாது. நகரி மாமா நாலு காபி குடிக்காமல் பல் துலக்கிய மாதிரியே நினைக்க மாட்டார். இதோடு ஒழிந்தார்கள் என்று முரளிதரன் நம்பினார்.

மறுநாளே மாமாவின் சம்சாரம் வெங்கடம்மா அத்தை நேரில் வந்து இறங்கினாள், பையோடு.

"விரதம் இருந்து போற காசியாமே. அதுதான்டா புண்ணியம். இப்படி ஒருத்தரும் கூட்டிக்கினு போனதில்ல. நான் இங்கயே இருந்து உன்கூட விரதம் இருக்கறேன்."

அத்தை சொன்னபடியே இருந்தாள். சத்தியவேட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். காலையில் காபி வாசனை வந்தால் அத்தையின் கண் முரளிதரன் மேல்தான் இருக்கும். மத்தியானம் ஒருவேளைச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவர் பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார். விட்டம் வெள்ளையாக இருக்கும். ஒரு நிமிஷம் அது உப்பு நிலம் போல விரியும். பக்கத்துப் பாயில் அத்தை குறட்டை விடுவாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அத்தே, நான் காசிக்குப் போகல. கட்சுனு ஒரு எடம். குஜராத்துல."

"அங்க இன்னா சாமி?"

"சாமி இல்ல. உப்பு. வெறும் உப்புதான். வேற ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போற?"

"ஒண்ணுமே இல்லன்றதாலதான் அத்தே. என் வாழ்நாள்ல ஒரு தடவையாவது எதிர்ல யாருமே இல்லாம கேமராவைத் திறக்கணும். அவ்வளவுதான் ஆசை."

அத்தை ஸ்வர்ணலதாவைப் பார்த்தாள்.

"குஜராத்துனா துவாரகை பக்கம்தானே, அத்தே?" என்றாள் ஸ்வர்ணலதா மெதுவாக.

முடிந்தது கதை. சாயங்காலத்துக்குள் யாத்திரை துவாரகை, சோமநாதம், அங்கிருந்து காசி என்று நீண்டுவிட்டது. துவாரகை என்றதும் நகரியிலிருந்து இன்னொரு குடும்பம் பெயர் கொடுத்தது. சிட்டிபாபு மாமா பெரிய மனசோடு கட்சையும் சேர்த்துக்கொண்டார். "உப்புல ஒரு அரைமணி நேரம் நிறுத்தலாம்டா. ஒண்ணுக்குப் போறவங்க போலாம். அப்படியே எல்லாரும் வரிசையா நின்னு ஒரு போட்டோ."

கிளம்புகிற நாள் வந்தது. விடியற்காலையில் வாசலில் டெம்போ நின்றது. மாமா திருப்பதியிலேயே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஏறினார். ஏகாதசிக்கு வழக்கமாக இந்த வீட்டில் வந்து விழுகிற அத்தனை பேரும், ஒருத்தர் பாக்கியில்லாமல், வண்டிக்குள் இருந்தார்கள். ஸ்வர்ணலதா புளியோதரை மூட்டையை ஏற்றினாள், தண்ணீர் பாட்டில்களை ஏற்றினாள், அத்தையின் மாத்திரைகளைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தில் களைப்பே தெரியவில்லை. என்ன பொம்பளை இவள் என்று முரளிதரன் நினைத்தார்.

முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு ஒன்றைத்தான் அவர் சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். கேமராவுக்கு. ஜன்னல் வழியாக வழியெல்லாம் நிலத்தையாவது எடுக்கலாம். அந்த ஒரு கண்ணாடி அளவு ஆசைதான் மிஞ்சியிருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சு, பதண்டி சார், போலாம்," என்றான் டிரைவர் ரமணா.

முரளிதரன் ஏறவில்லை. வாசலில் நின்ற ஸ்வர்ணலதாவையே பார்த்தார். ஊரே வண்டியில் இருக்கிறது, இவள் மட்டும் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இத்தனை வருடம் இந்த வீட்டில் வந்தவனுக்கெல்லாம் ஆக்கிப்போட்ட கை. தான் ஒரு படத்துக்காக ஏங்கியது நிஜம், ஆனால் இவளுக்கு ஏங்கக்கூடத் தெரியவில்லையே என்று அவருக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கேமரா பையை எடுத்து ரமணாவிடம் நீட்டினார்.

"இதை மேல கட்டிடு."

"சார், சீட்டு?"

"என் சம்சாரம் ஒக்காருவா. ஸ்வர்ணா, நீயும் வா."

ஸ்வர்ணலதா அப்படியே நின்றாள். "நானா? எனக்கு எதுக்குங்க. முட்டி வலி வேற."

"ஜன்னல் சீட்டு. காலை நீட்டிக்கலாம்."

"வூட்டைப் பாத்துக்க ஆளு வேணாமா?"

"பூட்டினா போதும். இன்னிக்கு நீ இல்லாம நான் ஏற மாட்டேன்."

"வாம்மா, இத்தனை ஆசையா கூப்பிடறான்," என்று வண்டிக்குள்ளிருந்து எல்லாரும் குரல் கொடுத்தார்கள்.

அவள் கண் நிறைந்துவிட்டது. முரளிதரனுக்கும் நிறைந்துவிட்டது. அவள் உள்ளே போய் நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டுவதற்கு முன்பு காலியான ஹாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். முரளிதரன் பின்னால் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டார். படம் போனால் போகிறது, ஜென்மத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது.

ரமணா வண்டியைக் கிளப்பும்போது பால்காரர் சுரேஷ்பாபு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து முன் ஜன்னலோரம் நிறுத்தினார்.

"இன்னாக்கா, நீங்களும் ஏறிட்டீங்க? 'ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு எல்லாரையும் காசிக்குச் சேத்து வுட்டுட்டேன், இருபது நாளு இந்த வூட்ல நான் ஒண்டியா இருக்கப் போறேன், கால் லிட்டர் பால் போதும்'னு நேத்துகூட சிரிச்சிக்கினு சொன்னீங்களே."