மருமகள் போட்ட கோல்

அன்புள்ள கசோண்டே அண்ணனுக்கு,

தங்கை மூலெங்கா எழுதுவது. கிட்வேயில் நீயும் அண்ணியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். தெருவே உன் வாசலில் ஆடிக்கொண்டிருக்கும். நான் சுகமாக இல்லை. போன் போட்டால் மேளச் சத்தம்தான் கேட்கிறது, அதனால் காகிதம்.

உன் மகள் சிலெக்வா கால்பந்து அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் கோல் போட்டு நம் நாட்டை ஃபைனலுக்குக் கொண்டுபோய்விட்டாள். வாழ்த்துகள். அவள் நாசமாய்ப் போக என்று எழுத வந்த கையை அடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உனக்கு எங்கே தெரியப்போகிறது, ஒரு நாடு ஆடும் ஆட்டத்துக்கு என்னைப் போல அந்த நாட்டு நடுவர் விசில் ஊத முடியாது. நம் பெண்கள் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய வருஷமெல்லாம் ஃபைனலில் நான் நாலாவது நடுவராகக் கோட்டோரம் பலகை தூக்கிக்கொண்டு நின்றேன். "தொடையைக் காட்டிக்கிட்டு ஓடுறவளுக்கு என் வீட்ல சோறு கிடையாது" என்று மாமியார், நம் பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தெங்கே துணியை என் மூஞ்சியில் வீசினாள். அதைச் சுற்றிக்கொண்டு போய், மைதானத்துக் கம்பத்தில் கழற்றி மாட்டிவிட்டு ஊதினேன். பெனால்டி கொடுத்தால் கல்லெறிந்து, "போடி, போய் உன் புருஷன்கிட்ட ஊது!" என்றார்கள். புருஷனும் போய்விட்டான். எல்லாம் ஒரே ஒரு ஃபைனலில் விசில் ஊதுவதற்காக. வயசாகிவிட்டதென்று இந்த டிசம்பரோடு என் சர்வதேச நடுவர் பேட்ஜையும் கழற்றிவிடுவார்கள்.

எங்கள் நடுவர் குழுத் தலைவி என் தோளைத் தட்டி, "உங்க நாடு செமில தோத்துட்டா ஃபைனல் உனக்குத்தான். நல்லா ஜெபம் பண்ணிக்கோ" என்றாள். பண்ணினேன் அண்ணா. நாடே முழங்காலில் நின்று ஜெயிக்க ஜெபித்தபோது, நான் ஒருத்தி மட்டும் ஓட்டல் அறையில் தோற்க ஜெபித்தேன். கர்த்தர் பெரும்பான்மைக்குச் செவிசாய்த்துவிட்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் உன் மகள் போன் பண்ணி, "அத்தே, எங்களுக்காக வேண்டிக்கிட்டீங்களா?" என்றாள். "வேண்டிக்கிட்டேன்டி கண்ணு" என்றேன். எதை வேண்டினேன் என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் நான்தானே! "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இது?" என்றாய். உன் பேச்சைக் கேட்டிருக்கலாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். ஃபைனலை முப்பது வயசுகூட ஆகாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் என் கையைக் குலுக்கி, "உன் மருமகளாமே!" என்கிறார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வயிறு எரிகிறது அண்ணா.

நாளைக்குப் போய் உட்காருவேன். கை தட்ட மாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. சிலெக்வாவுக்கு ஆசீர்வாதம், அந்த வலது காலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்.

இப்படிக்கு,
எந்தப் பக்கமும் சாயாத உன் தங்கை,
மூலெங்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஃபைனலும் முடிந்து நாம் தோற்றும் போய்விட்டோம். டிவியில் பார்த்திருப்பாய். பெனால்டி பெட்டிக்குள் சிலெக்வாவின் காலைத் தட்டிவிட்டார்களே, அந்த நடுவர் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினாளே, அப்போது எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டு ஆட்டமே நின்றதே? அது நான். பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று பெனால்டி புள்ளியையும் கை நீட்டிக் காட்டினேன். நாட்டுப் பாசத்தில் ஊதிவிட்டேனாம், விசாரணை வைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. நம் நாடு தோற்க வேண்டினவள் நான் என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி. யார் கேட்டாலும் காட்டு. சிலெக்வாவிடம் மட்டும் காட்டிவிடாதே.