பேரனின் அழுகுரல் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்த விபரம்

அட்டன்,
கார்த்திகை, 2009.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு, மாமா இராமையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமி லெட்சுமியும் சுகம். கொம்பியூட்டரும் சுகம். கட்டாரில் நீங்களும் தனுஜாவும் என் பேரனும் சுகமாயிருக்க முருகப்பெருமான் துணை நிற்பாராக. வெற்றி, மாப்பிள்ளை, வெற்றி! நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்ததால் முழு விபரமும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஈமெயிலில் நாலு வரி தட்டிவிடலாம்தான். ஆனால் டயகம தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன், இப்பேர்ப்பட்ட காரியத்தைக் காகிதத்தில் எழுதுவதுதான் முறை.

பேரனுக்கு என் தகப்பனாரின் பெயரான மருதப்பன் என்பதை நானே என் வாயால் சூட்டுவேன், அதையும் இன்டர்நெட் வழியாகவே சூட்டுவேன் என்று நான் அட்டன் டவுன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தினேன். உங்கள் பக்கமிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. லைன் செத்துவிட்டது என்று நினைத்து மாமி, "பெரிய இஞ்சினியர் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்க, ஒரு ஹலோவ ஒழுங்கா அனுப்பத் தெரியல, அந்தத் தாடிய எடுத்தாலாச்சும் மூளைக்குக் காத்து போகும்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் உங்கள் ஈமெயில் வருகிறது, 'மாமா, உங்கள் பேச்சு இங்கே மிகத் தெளிவாகக் கேட்டது, எங்கள் பேச்சுத்தான் உங்களுக்கு வரவில்லை, தாடியை எடுத்துவிட்டேன்' என்று. அன்றிலிருந்து மாமி கொம்பியூட்டர் இருக்கும் அறைப்பக்கமே வருவதில்லை.

நீங்கள் அனுப்பிய முதல் சோதனைக் கட்டளையைக் கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வீட்டுக் கொம்பியூட்டருக்கு ஒரு விலாசம், வெளியுலகத்துக்குத் தெரிகிற விலாசம் வேறொன்று என்று பதில் வந்தது. அதை உரக்க வாசித்தது என் பிழை. குசினியிலிருந்து மாமி, "எனக்குத் தெரியாம இன்னொரு வீடு வேற வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள், கையில் தேங்காய் திருவலையோடு. அவளுக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே விளங்கியது. தோட்டத்துக்கு வருகிற கடிதத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும், எந்த லய வரிசை, அதில் எந்தக் காம்பரா வீடு என்று ஆபீசில் தெரிந்தவன் இருந்தால்தான் அது ஆளிடம் போய்ச் சேரும். நம் ரூட்டர் பெட்டியோ, போகிற பேச்சைப் போகவிட்டு, வருகிற பேச்சை ஆள் தெரியாது என்று வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. அப்படிப்பட்டவனை என் ஆபீசில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன்.

அதற்காகத்தானே நீங்கள் உங்கள் நண்பர் சிங்கப்பூரில் வைத்திருக்கும் இடைச் சேர்வரை ஏற்பாடு செய்தீர்கள். நாமும் அங்கே போவோம், நீங்களும் அங்கே வருவீர்கள், அது நடுவில் நின்று பேச்சைக் கைமாற்றிவிடும் என்று. நல்லது. இரண்டாவது கட்டளையைத் தட்டினேன், உங்கள் பெயர், இரகசியச் சொல் எல்லாம் போட்டு. 'அனுமதி இல்லை' என்றது. மறுபடி தட்டினேன். அனுமதி இல்லை. தோட்டத்துத் துரையே என்னைக் கேட்காமல் அலுமாரி திறக்க மாட்டார், எனக்கா அனுமதி இல்லை? பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், கணிதம் படிப்பிக்கிறவர், வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "ஐயா, உந்தக் கறுப்புத் திரையோடை ஏன் மல்லுக்கட்டுறியள்? ரெலிபோனிலை ஒரு கோல் எடுத்தால் அலுவல் முடிஞ்சுது" என்றார். "மாஸ்டர், ரெலிபோன்ல எடுத்தா அது தோல்விங்க" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சாப்பிடவிடவில்லை. பிறகு பார்த்தால், மாமி தூசி தட்டும்போது பெரிய எழுத்துக் கட்டையை அமுக்கிவிட்டிருக்கிறாள், நான் இரகசியச் சொல்லை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்திலேயே தட்டியிருக்கிறேன். அதைச் சரிசெய்கிற நேரத்தில் கரண்ட் போனது. கரண்ட் வந்தது, மழையில் லைன் போனது. லைன் வந்தது, சிங்கப்பூர் கதவைத் திறந்தது! திரையில் வரிவரியாக ஓடியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சோதனைக்கு அனுப்பிய துணுக்குகள் எல்லாம் அப்படியே திரும்பி வந்திருந்தன, வழியில் தொலைந்தது ஒன்றுமில்லை. நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ரோட்டுக்கே ஓடிவிட்டேன். "தொலையல! ஒண்ணும் தொலையல!" என்று நான் கத்தியதைக் கேட்டு, எதிர்வீட்டு வீரம்மா என்ன திருட்டுப்போனதோ என்று பதறிக்கொண்டு வந்தாள். அவளையும் மாஸ்டரையும் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்துத்தான் உங்கள் வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அப்பா, கேக்குதாப்பா?"

தனுஜாவின் குரல், மாப்பிள்ளை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டதுபோல. வீரம்மா முந்திக்கொண்டு, "கேக்குது தாயி, புள்ளைய அழ வையி, அதையும் கேப்போம்" என்றாள். அழவைக்கத் தேவையே இருக்கவில்லை, அவனாகவே ஆரம்பித்தான். என்ன குரல்! கனகலிங்கம் மாஸ்டர் எழுந்து நின்று, "நல்ல தெளிவு ஐயா, நான் தோத்துப்போனன்" என்று கைகொடுத்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மருதப்பன், மருதப்பன், மருதப்பன் என்று சூட்டினேன். தனுஜா வாயைப் பொத்திக்கொண்டு விம்முவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஆனந்தக் கண்ணீராக இருக்கும். பிறகு, "சரிப்பா, சரிப்பா" என்றாள். சபை கைதட்டியது. மாமி எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள், முகத்தில் ஒரு சிரிப்போடு.

உங்கள் உத்தியோகம் உயரவும், சிங்கப்பூர் நண்பரின் சேர்வர் இடிமின்னல் படாமல் இருக்கவும், என் மருதப்பன் நூறாண்டு வாழவும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் மாமா,
இராமையா.

பி.கு: இதுவரை எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளைக்கு தேனுஜன்னு பேரு வச்சு, பதிஞ்சும் முடிச்சாச்சுங்க" என்கிறாள். நான் டவுனுக்குப் போகிற நேரமெல்லாம் கொம்பியூட்டரில் அழைப்பு எடுக்கிற பச்சைப் பொத்தானை அமுக்கி, மைக்கில் தன் விருப்பத்தைச் சொல்லி வந்திருக்கிறாள். "அங்கருந்து பதில் வராததுதாங்க வசதி, எதிர்ப்பேச்சு இல்லாம பேசி முடிச்சேன்" என்கிறாள். நீங்களும் எல்லாம் தெரிந்துகொண்டே எனக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தீர்களாமே, மாப்பிள்ளை! கோபத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் அழைப்பு எடுத்தேன். தனுஜா பிள்ளையை மைக்கிடம் பிடித்தாள். மருதப்பா என்று கூப்பிட்டேன், வீறிட்டு அழுதான். தேனுஜா என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டான். போகட்டும், இதையும் என் வெற்றிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும்.