ஆறு மடேக்களை ஒருவராக்கிய இதழாசிரியருக்கு

ஓம் சுவஸ்தியஸ்து.

பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் முனைவர் ஆல்பிரெக்ட் அவர்களுக்கு, பாலித் தீவு டென்பசாரிலிருந்து நி ஞோமான் ராஸ்மினி எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு நலமில்லை. அதற்குக் காரணம் தங்கள் அலுவலகத்தார்.

கடற்பாசி வயல்களைத் தாக்கும் வெள்ளை நோய் பற்றிய என் கட்டுரை நான்காம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. தாங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் இந்தப் பருவம் முடிவதற்குள் வராவிட்டால், பல்கலைக்கழகம் என் பெயரை முனைவர் பட்டப் பதிவிலிருந்து நீக்கிவிடும். ஆய்வு முடிந்தால் மட்டும் போதாது, வெளிநாட்டு இதழ் ஒன்று தலையாட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். தலையாட்டச் சொல்லித்தான் தங்களிடம் வந்தேன். கடலில் கயிறு கட்டிப் பயிர் செய்கிறவர்களின் பாசி வெளுத்து அறுந்து போகிறதே, அது ஏன் என்று தங்கள் அலுவலகம் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டதெல்லாம் மேற்கோள் பட்டியலில் கமா எங்கே என்றுதான்.

முதல் தடவை, பெயர்களை முழுசாக எழுதியது தப்பு என்று திருப்பினீர்கள். குடும்பப் பெயர் முதலில், பிறகு கமா, பிறகு தலைப்பெழுத்து. ஐயா, எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முதல் பிள்ளை வாயான், இரண்டாவது மடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயான். முன்னால் நிற்கும் 'இ' ஆண் என்பதற்கு, 'நி' பெண் என்பதற்கு. கடைசியில் வருவதுதான் அவரவர் சொந்தப் பெயர். இதை விளக்கி எழுதினேன். அதற்குத் தங்கள் அலுவலகம், "இ என்பதன் விரிவைத் தரவும்" என்று பதில் போட்டது. என்னத்த விரிக்க? ஆம்பளைங்கிறத எப்படி விரிக்கிறது?

இரண்டாவது தடவை தங்கள் இயந்திரமே முடிவு செய்துகொண்டது. நடுச்சொல்தான் குடும்பப் பெயராம். கடைசிச் சொல்லை வெட்டிவிட்டது. இ மடே சுதர்கா, இ மடே விர்தவான், இன்னும் நான்கு மடேக்கள், ஆறு பேரும் அச்சுப்படியில் "மடே, இ." ஆகிவிட்டார்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே ஆண்டில் வந்தவை என்பதால் 2018அ, 2018ஆ என்று தொடங்கி 2018ஊ வரைக்கும் வரிசை போட்டு, தீவில் இரண்டாவதாகப் பிறந்தவர்களையெல்லாம் ஒரே தாய் வயிற்றுக்குள்கூட இல்லை, ஒரே சட்டைக்குள் திணித்துவிட்டீர்கள். 'வான்', 'ஃபோன்', 'டெ' என்று தங்கள் பக்கத்துப் பெயர்களுக்கு முன்னால் வரும் துண்டுகளுக்கு விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். எங்களுக்கு அரை வரி இல்லை.

இதில் சுதர்கா என் வழிகாட்டி. விர்தவான் என் வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகிற வெளித் தேர்வாளர். இருவருக்கும் ஆகாது. ஒரு கருத்தரங்கில் விர்தவான் எழுந்து, "உங்க படத்துல இருக்கிறது கடற்பாசியா, காயப்போட்ட துணியா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒருத்தர் காபி குடிக்கிற கடைப்பக்கம் இன்னொருத்தர் தலைவைத்துப் படுப்பதில்லை. அச்சுப்படியைப் பார்த்த என் வழிகாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

"ஏம்மா ஞோமான், என்னையும் அந்தாளையும் ஒரே ஆளாக்கிட்டியா?"

"நான் ஆக்கல, ஐயா. இதழ்க்காரங்க ஆக்கிட்டாங்க."

"அந்தாளு எழுதுற உளறலுக்கு நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க? போ, போய்ப் பிரிச்சுக் கொண்டா."

தேர்வாளர் என்பதால் அச்சுப்படியின் பிரதி விர்தவானுக்கும் போயிருந்தது. நான் கதவைத் தாண்டுவதற்குள் அவரிடமிருந்து அழைப்பு. "நான் எப்போம்மா சுதர்கா ஆனேன்? செத்தாலும் அந்த மனுஷனா சாக மாட்டேன். தேர்வுல பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது தடவை, திருத்தி அனுப்பத் தாங்கள் வைத்த கடைசி நாள் எங்களுக்குச் சரஸ்வதி நாள். அன்றைக்குப் புத்தகமெல்லாம் காணிக்கையோடு ஓய்வெடுக்கும், யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. என் மடிக்கணினிமேல் அம்மா பூவும் சோறும் வைத்துவிட்டாள். "ஒரே ஒரு கமாம்மா" என்று கெஞ்சினேன். "வருஷம் பூரா அதைக் குடைஞ்சுக்கிட்டுத்தானே இருக்க? ஒரு நாள் சாமியும் நிம்மதியா இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். தொட்ட, கையை முறிப்பேன்" என்றாள். மறுநாள் காலை திறந்தால் "கட்டுரையாசிரியர் ஆர்வம் காட்டவில்லை" என்று தங்கள் இணையதளம் வாசலைச் சாத்தியிருந்தது. ஆர்வம் காட்டலையாம்! கெஞ்சிக் கூத்தாடி மறுபடி திறக்க வைத்தேன்.

நான்காவதுதான் உச்சம். "ஒரே ஆசிரியரை ஒரே ஆண்டில் ஆறு முறை மேற்கோள் காட்டியிருப்பது சந்தேகத்துக்குரியது. ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தை நீக்கவும்." நீங்களே ஆறு பேரையும் ஒருத்தராக்குவீங்க, அப்புறம் நீங்களே அந்த ஒருத்தருக்கு ஏன் இவ்வளவு இடம்னு கேப்பீங்க. எதை நீக்கட்டும்? வழிகாட்டியை நீக்கினால் கையெழுத்துப் போட மாட்டார். தேர்வாளரை நீக்கினால் தேற விடமாட்டார். மற்ற நால்வரை நீக்கினால் நோய் எங்கே பரவியது என்பதற்கு ஆதாரமே இல்லை. எங்க கடல், எங்க நோய், எங்க ஆளுங்க எழுதினது. ஆனா எங்க பேரு மட்டும் உங்க அளவுக்கு வெட்டினாத்தான் அறிவுன்னு ஒத்துக்குவீங்களா?

போதும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டம் போனால் போகட்டும். இரவல் பெயரில் வாங்கும் பட்டம் எனக்கு வேண்டாம். இது என் இறுதி முடிவு.

தாங்களும் தங்கள் குடும்பமும், முக்கியமாகத் தங்கள் குடும்பப் பெயரும், தலைமுறை தலைமுறையாகத் தழைக்கட்டும். மனசில் துளியும் இல்லாவிட்டாலும் முறைக்குச் சொல்கிறேன்: ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

இப்படிக்கு,
நி ஞோமான் ராஸ்மினி
(முழுப் பெயர். வெட்ட வேண்டாம்.)

பின்குறிப்பு: அனுப்பப் போகும் நேரத்தில் தங்கள் மின்னஞ்சல் வந்தது. தங்கள் தரவுத்தளத்தில் தேடியபோது, கடற்பாசி நோய் பற்றி உலகத்திலேயே அதிகம் எழுதியவர் "மடே, இ." என்று தெரியவந்ததாகவும், அத்தகைய மேதையை எத்தனை முறை மேற்கோள் காட்டினாலும் தகும் என்றும், அவர் தங்கள் ஆசிரியர் குழுவில் சேரச் சம்மதித்தால் என் கட்டுரைக்கு உடனே ஏற்புக் கடிதம் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். அவரே விர்தவானைக் கூப்பிட்டார். "யோவ், நீயும் பேராசிரியர் பதவிக்குத்தானே மனு போட்டிருக்க? வெளிநாட்டு இதழ்க் குழுவுல பேர் இருந்தா அதுக்குப் புள்ளி ஏறும். உடனே கிளம்பி வா." வந்தார். திங்கள், புதன், வெள்ளி ஒருவர் மடே, செவ்வாய், வியாழன், சனி இன்னொருவர் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு யாருக்கு என்பதுதான் இன்னும் முடியவில்லை.

ஆகவே மேலே உள்ளதில் மரியாதை வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும். பட்டியலில் ஒரு கமாவையும் தொட வேண்டாம். என் பெயர் "ஞோமான், நி." என்றே இருக்கட்டும். மடே, இ. சம்மதிக்கிறார். பக்கத்து அறையில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து சம்மதித்துக்கொண்டிருக்கிறார். ஏற்புக் கடிதத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் ஐயா, நாளைக்குள் அவருக்குள் சண்டை வந்துவிடும்.