சட்டைப் பையில் ஒரு திருகு

இறுகிப்போன எதையும் இளக்கிவிடலாம். நான் படித்த மொத்தப் படிப்பும் இதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் அதை விட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன்). அம்பாசமுத்திரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியவன், இன்று லேத்துப் பட்டறைக்கு முதலாளி. சுற்றுவட்டாரத்தில் என் கை படாத பம்புசெட்டு குறைவு. எதைப் பிரித்து மாட்டினாலும் ஒன்றிரண்டு திருகு மிஞ்சும். கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மோட்டார் ஓடும். ஓடினால் போதாதா?

அப்படிப்பட்ட நான், என் மகள் மகேஸ்வரியின் நிச்சயதார்த்தத்தன்று, பாளையங்கோட்டையில் ஏசி மண்டபத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சட்டை நனைய வேர்த்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். அவர் மீசையைப் பார்த்தாலே நமக்கு முதுகு தானாக நிமிரும். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தில் அவர் ஒரு பாட்டை முழுதாக ஊதி முடித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். மூத்த மகனுக்கு அப்படித்தான் நடந்தது. இளையவனுக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

நாள் குறிக்கப் போன அன்று டிரம்பெட்டை எடுத்துக் காட்டினார்.

"கீழ் சுரம் வரும்போது இந்த வளைகுழாய வெளிய தள்ளணும் அண்ணாச்சி. இல்லேன்னா சுருதி ஏறிரும். அதுக்குத்தான் இந்த டிரிகர். இத அமுக்குனா கம்பி போயி குழாயத் தள்ளும், விட்டா இழுத்துக்கிடும். இப்ப கல்லு மாதிரி இறுகிட்டு. நம்ம விரலுக்கும் பலம் பத்தல பாத்துக்கிடுங்க. தொடச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்னு சொல்லுதாங்க."

"எண்ணெயா?" என்று சிரித்தேன். "இங்கன கொடுங்க சம்பந்தி. நம்ம பட்டறைக்கு வந்தது எதுவும் இறுக்கமா திரும்பிப் போனதில்ல."

அங்கிருந்து திரும்பும்போதே காரில் மகள் சொன்னாள். "யப்பா, அதுல கைய வைக்காதிய. துணியால தொடச்சு, எண்ணெய் விட்டுக் கொடுத்துருங்க."

என்னிடமா சொல்கிறாள்? நிச்சயத்தன்று விடியற்காலையில், மண்டபத்துக்குப் போட்ட சட்டையோடே பட்டறையில் உட்கார்ந்து டிரிகரைக் கழற்றினேன். குழாயை உருவினேன். எஞ்சின் வால்வைத் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, கை வலிக்கும்வரை முன்னும் பின்னும் ஆட்டினேன். கழுவி, மாட்டி, வாத்தியத்தை அகன்ற வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து டிரிகரை அமுக்கினேன். குழாய் போனது, விட்டதும் வந்தது. வெண்ணெய் தோற்றது. மேசையில் கடுகு அளவுக்கு ஒரு திருகு மிஞ்சியிருந்தது. வழக்கம்போல அதைப் பையில் போட்டேன்.

மண்டபத்துக்கு வந்த பிறகுதான் வாத்தியம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. (ஊதிப் பார்க்க அவருக்கு நேரமே கொடுக்கவில்லை. இதையும் நான்தான் கெடுத்தேன்.) மண்டபம் நிறையக் கூட்டம். சம்பந்தி எழுந்து டிரம்பெட்டைத் தூக்கினார். சனம் போனைத் தூக்கியது. முகத்தைத் துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காகப் பையில் கை விட்டேன். விரலில் ஏதோ குத்தியது.

அந்தத் திருகு.

அதே பித்தளை நிறம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பியையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற திருகு அது. அது இல்லாவிட்டால் கம்பி குழாயைத் தள்ளத்தான் செய்யும், இழுக்காது. பட்டறையில் குழாய் திரும்பி வந்தது என் கைவண்ணத்தால் இல்லை, நிமிர்த்திப் பிடித்ததால் தானாக விழுந்திருக்கிறது.

அவரைத் தடுத்துவிடலாம் என்று எழுந்தேன். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறிய? பைய உக்காருங்க. எல்லாரும் பாக்காவ."

உட்கார்ந்தேன். முதல் வரியின் முடிவில் கீழ் சுரம் வந்தது. அவர் விரல் டிரிகரை அமுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் வாத்தியத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். குழாய் சறுக்கி உள்ளே வந்துவிட்டது. சம்பந்தி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பாராட்டுகிறாராம். ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மனுஷன் குனியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி வரி வந்தது. உருகிப்போய்த் தலையைத் தாழ்த்தினார். வாத்தியமும் தாழ்ந்தது. விரல் அமுக்கியது.

குழாய் பறந்தது. தட்டுகளைத் தாண்டி, மாலைகளைத் தாண்டி, மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்க, நேராக என் காலடியில் வந்து விழுந்தது. எசமான் யாரென்று அதற்குத் தெரிந்திருக்கிறது. டிரம்பெட்டிலிருந்து வெறும் காற்று வந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமா மெல்லக் கேட்டார். "பாட்டு முடியாம தட்ட எப்படிவே மாத்துதது?"

சம்பந்தியின் மீசை அசையவில்லை. என் பிள்ளையின் கல்யாணம் ஒரு கடுகுத் திருகில் தொங்குகிறது, அந்தத் திருகு என் பையில் இருக்கிறது.

மகேஸ்வரி பட்டுச் சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். குழாயை எடுத்தாள். என் முன்னால் கையை நீட்டினாள்.

"பைக்குள்ள இருக்கத எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருக, வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் திருப்புளி இல்லை. அவள் சம்பந்தியிடம் போய்க் குழாயைச் செருகி, விரலால் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க ஊதுங்க. நான் தள்ளுதேன். எப்பன்னு கண்ணக் காட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சொன்னார். "கடைசி வரி மட்டுந்தான். பிந்திராத தாயி."

அவர் ஊதினார். கண் அசைந்தது. மகள் தள்ளினாள். கீழ் சுரம் இம்மி பிசகாமல் வந்து உட்கார்ந்தது. தாய்மாமாதான் முதலில் தட்டைத் தூக்கினார்.

சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் இளக்கியிருக்கிய அண்ணாச்சி. ஒரு பிடி கூடிட்டு."

அந்த வீடியோ இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பேத்திக்குச் சோறு ஊட்ட அதைத்தான் போடுகிறார்கள். என் வேலை எவ்வளவு வழவழப்பு என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி சம்பந்தி எனக்குச் சட்டைத் துணி எடுத்து, அவரே தைக்கக் கொடுத்து அனுப்புவார். நல்ல துணி, அளவும் கச்சிதம். பை மட்டும் இருக்காது.