பந்தயத்தில் சைடு கொடுத்தவன்

கார்ப் பந்தயத்தில் தோற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். டயர் வெடித்தது என்பார்கள், எஞ்சின் சூடாகிவிட்டது என்பார்கள். நான் தோற்றதற்குக் காரணம் என்னுடைய வலது கை. அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடவும் செய்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், மேலப்பாளையத்தில் எனக்கு ஒரே ஒரு லட்சியம்தான்: டிரைவர் விசாவில் துபாய் போவது. (எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லாருக்கும் அதே லட்சியம். தனியாக யோசிக்கும் பழக்கம் எனக்கு அப்போதே கிடையாது.) என் கூடப் பிறந்த லாத்தாவைக் கட்டிய மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருடைய அரபி முதலாளி வீட்டுக்கு ஒரு டிரைவர் வேண்டுமாம். விசா ஒன்று, ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் மச்சானுக்குத் தம்பி முறை, அவருடைய சாச்சா மகன். அவனுக்குக் காரைப் பின்னால் எடுக்க வராது.

அந்த நேரம் பார்த்து, கயத்தாறு பக்கம் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பழைய விமானத் திடலில் கார்ப் பந்தயம் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். பந்தயத்துக்கென்றே செய்த கார்கள் இல்லை. ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்கள்தான், ஆனால் பெயர் சாம்பியன்ஷிப்.

மச்சானுக்கு யோசனை உதித்தது.

"ஏலே, அங்கன துபாய் ரோட்டுல பைய போனா போலீசு பிடிச்சிருவான். நீ இந்த ரேசுல ஓட்டு, நான் பாக்கேன். மொதல்ல வந்தேன்னா விசா உனக்கு. இல்லைன்னா அவனுக்கு."

கார் வாப்பாவுடையது. கல்யாணம், ஆஸ்பத்திரி, திருச்செந்தூர் என்று ஓய்வில்லாமல் ஓடிய வாடகை அம்பாசிடர். நான் ஓட்டக் கற்றதும் அதில்தான். வாப்பாவுக்கு ஒரே சட்டம். பின்னால் ஹாரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கி, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் 'போ' என்று அசைக்க வேண்டும். நாம் முந்த வேண்டுமென்றாலும் ஹாரன் அடித்துவிட்டு, முன்னால் போகிறவர் கை காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

"பின்னால வாரவனுக்கு என்ன அவசரமோ! வீட்டுல யாரும் மவுத்தாப் போயிருக்கும், பிரசவமா இருக்கும். நமக்குத் தெரியுமா?" என்பார். கை நீளத் தாமதமானால் பிடரியில் ஒன்று விழும். அடிவாங்கிப் படித்த பாடம் மூளைக்குப் போகாது போலிருக்கிறது, நேராகக் கைக்கே போய்விடுகிறது.

பந்தயத்தன்று உம்மா தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தாள். மெக்கானிக் முருகன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். எந்தப் பக்கத்திலிருந்தும் எனக்குக் குறை வைக்கவில்லை.

கொடி அசைந்தது. மற்றவர்கள் சக்கரத்தைச் சுழலவிட்டுப் புழுதி கிளப்பிக்கொண்டிருக்க, எங்கள் அம்பாசிடர் கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதுபோல் பைய நகர்ந்து எல்லாருக்கும் முன்னால் போய்விட்டது. கட்சிக் கூட்டங்களுக்கு மைக் கட்டும் அண்ணாச்சி ஒருவர்தான் வர்ணனை. "மேலப்பாளையத்துத் தம்பி மொத ஆளா வாராப்ல!" என்றார். எனக்கு அப்போதே துபாய் தெரிந்தது.

பின்னால் ஹாரன் கேட்டது.

சத்தியமாக நான் எதுவும் நினைக்கவில்லை. கை தானாக வெளியே போய்ப் 'போ' என்றது. கார் ஓரமாக ஒதுங்கியது. "தம்பி... வழி விடுதாப்ல" என்றார் மைக் அண்ணாச்சி, தன் கண்ணையே நம்பாதவர் குரலில். அடுத்தவன் அடித்தான், அவனும் போனான். அதற்கடுத்தவன் ஹாரன் அடிக்கக்கூட இல்லை. பாவம், கூச்சம் போலிருக்கிறது என்று நானே கண்ணாடியில் பார்த்துக் கூப்பிட்டு அனுப்பினேன்.

பிறகுதான் புத்தி வந்து துரத்தினேன். முன்னால் போன காரை நெருங்கி முறைப்படி ஹாரன் அடித்தேன். அந்த ஆள் நடு ரோட்டை விட்டு நகரவில்லை. நானும் விடாமல் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். தகர டிரம் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று மச்சான் கத்தினார்.

"ஏலே, முந்துலே!"

வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிப் பதில் சொன்னேன். (கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையா?) "சைடு தர மாட்டேங்காரு மச்சான்!"

"தர மாட்டாம்லே! இது ரேசுலே!"

இதையும் மைக் அண்ணாச்சி திடல் முழுக்க ஒலிபரப்பினார்.

ஆனாலும் அல்லாஹ் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், முன்னால் போன கார்கள் ஒன்றையொன்று இடித்து வைக்கோல் கட்டுக்குள் புகுந்துவிட்டன. யாருக்கும் அடியில்லை, இறங்கி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இண்டிகேட்டர் போட்டு அவர்களைச் சுற்றிக்கொண்டு வந்தேன். எதிரே நேர்ச்சாலை, அதன் முடிவில் கறுப்பு வெள்ளைக் கொடி. முன்னால் ஒருவரும் இல்லை. மச்சான் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்னால் ஒரு ஹாரன். நீளமாக, அவசரமாக.

'உன் கைதானே, பிடித்து வைத்திருக்கக் கூடாதா?' என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இன்னொரு கையால் பிடித்திருக்கலாம்தான். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? என்னைத் தாண்டிப் போனவன், கொடியைத் தொடுவதற்கு முன் கையை உயர்த்தி எனக்கு நன்றி சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

ஊர் திரும்பும்போது, கங்கைகொண்டான் பக்கம் மச்சான் சொன்னார்: "உன்ன அங்கன கூட்டிட்டுப் போனா, ஊர்ல உள்ளவன் எல்லாவனையும் அனுப்பி வச்சிட்டுத்தான் அரபி புள்ள பள்ளிக்கூடம் போய்ச் சேரும். அதுக்குள்ள அங்க பெல்லடிச்சு வீட்டுக்கு விட்டிருப்பான்."

விசா சாச்சா மகனுக்குப் போனது. காரைக் கழுவுகிற சாக்கில் நான் அழுதேன். வாப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"கடைசியா பின்னால வந்தானே, அவனுக்கு என்ன அவசரமாம்?"

"ஜெயிக்கணுமாம் வாப்பா."

கொஞ்சம் யோசித்தார். "அப்பம்னா விட்டது சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் இங்கேயேதான் இருக்கிறேன், வாடகைக் கார்தான் ஓட்டுகிறேன். கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால், என் பக்கத்துக் கறித்துண்டைப் பார்த்துக்கொண்டே யாராவது 'பாம், பாம்' என்பார்கள். சிரித்துக்கொண்டே நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

போன மாதம் மகன் தன் காரில் மதுரைக்கு அழைத்துப் போனான். அவன் ஓட்ட, நான் இடது சீட்டில். இப்போது நான்கு வழிச் சாலை. கயத்தாறைத் தாண்டும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் இடது கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. வலது கை அதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது.

"வாப்பா, ரேசு எப்பவோ முடிஞ்சிட்டு" என்றான். "கைய உள்ள எடுங்க."