மர்ரே பாஸ்கோவின் முதல் வெற்றி

ஒன்பதாவது நகர்த்தலிலேயே மர்ரே பாஸ்கோவின் ராஜா வீழ்ந்தது. எதிரே அமர்ந்திருந்த மகள் டாம்சின் கொட்டாவி விட்டாள்.

"அப்பா, உங்களோட ஆடுறது சுவத்துல பந்தடிக்கிற மாதிரி இருக்கு. சுவராவது பந்தைத் திருப்பி அனுப்பும்."

மர்ரே சிரித்தார். மணமுறிவுக்குப் பின் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவருடைய பங்கு. டாம்சினுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டபடியால், அதுவும் இனி அவள் விருப்பம். ஆட்டம் சலித்தால் வரமாட்டாள்!

லான்செஸ்டன் பேருந்துப் பணிமனையில் பழுதுபார்ப்பவரான அவர், ஊர்ச் சதுரங்கக் கழகத்து பெரிலிடம் சரணடைந்தார்.

"திட்டமெல்லாம் பெரிய ஆளுங்களுக்குப்பா. நீ முதல்ல அடிக்கக் கத்துக்க" என்றாள் பெரில்.

உணவு இடைவேளைகளில் முந்நூறு புதிர்களை விடுவித்தார். மறு ஞாயிறு அவருடைய குதிரை ஒரே பாய்ச்சலில் ராஜாவையும் ராணியையும் மிரட்டி, ராணியை விழுங்கிற்று. மர்ரே எழுந்து கூத்தாடினார். அவர் அமர்வதற்குள் டாம்சினின் யானை கடைசி வரிசைக்கு வந்து அவருடைய ராஜாவை முடித்துவிட்டது.

"ராணியைப் பாத்ததும் ராஜாவை மறந்துட்டியா?" என்று, நடந்ததைக் கேட்ட பெரில் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் பொண்டாட்டி ஏன் போனான்னு இப்பத்தான் புரியுது. திட்டம் போட்டு ஆடுய்யா!"

அடுத்த ஞாயிறு திட்டம் போட்டார். ஒரு சிப்பாயை நகர்த்த இருபது நிமிடம் ஆயிற்று.

"அப்பா, என் யானை காவலில்லாம நிக்குது, பாருங்க."

"பாத்தேம்மா. என் திட்டத்துல அது இல்ல."

"அடிங்கப்பா!"

"அவசரப்படுத்தாதே."

தோற்றார். டாம்சின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு தாளில் இரண்டே கேள்விகளை எழுதி அருகில் வைத்துக்கொண்டார்: 'இப்போது எதை அடிக்கலாம்? என் காய்களுள் எது வேலையின்றி நிற்கிறது?' ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னர் இரண்டிற்கும் விடை கண்டார். காய்கள் ஒன்றுக்கொன்று துணை நின்றன; வாய்த்த சிப்பாயை விடாமல் அடித்தார். நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் டாம்சினின் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

அவள் முறைப்படி கை குலுக்கினாள். "நல்லா ஆடினீங்கப்பா."

அழைத்துப்போக வந்த அவளுடைய மாற்றாந்தந்தை கிளென்னிடம், வாயிற்படியிலேயே மர்ரே கூவினார்: "ஜெயிச்சுட்டேன் கிளென்!"

"அப்பாடா!" என்று கிளென் அவர் தோளைத் தட்டினான். "தோத்துக்கிட்டே இருக்கிறவரை விட்டுட்டு வரப் பாவமா இருக்கு, ஒரு தடவை ஜெயிச்சிடட்டும், அப்புறம் ஞாயித்துக்கிழமை போறதை நிறுத்திக்கிறேன்னு டாம்சின் அவங்கம்மாகிட்ட சொல்லிட்டிருந்தா."