வஞ்சிரப் பெட்டியில் காயத்ரியின் புரதம்

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிறு மாலை.

சிரஞ்சீவி காயத்ரிக்கு, பெரியப்பா அநேக ஆசிகளுடன் எழுதுவது. நானும் என் முழங்கால்களும் ஒருவாறு நலம். நீ ஹைதராபாத் கருத்தரங்கில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படிப்பது நல்லது.

செங்கல்பட்டில் உன் ஆய்வகம் விடுமுறை என்று என் முகவரியைக் கொடுத்திருந்தாயே, அந்தப் பொட்டலம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களைக் கூப்பிடும் மனிதப் புரதம் அது. மனிதனிடமிருந்து எடுக்காமல் பாக்டீரியாவைக் கொண்டு வெளிநாட்டில் செய்தது. இன்னொன்று வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். கடைசிச் சோதனையை இந்த மாதம் முடிக்காவிட்டால் உன் ஆய்வேட்டில் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார். இவ்வளவும் தெரிந்த மனிதன்தான் பின்வருவதைச் செய்தான்.

பொட்டலத்துடன் வந்த துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் மைனஸ் இருபதுக்குக் கீழே வைக்கவும் என்று இருந்தது. ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அதை மட்டும் வைத்தேன், வைத்த சிறிது நேரத்தில் தெருவின் டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போயிற்று, கதவைத் திறந்தால் குளிர் போய்விடும், திறக்காவிட்டால் குளிர் போய்விட்டதா என்று தெரியாது, ஆகவே எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் சாலமோன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஃபிரிஜ்ஜாண்ட காவல் நிக்கிறீங்க? உள்ள யாரு கீறாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். மருந்தா என்று கேட்டார். மருந்தில்லை, மனிதருக்குப் போடக்கூடாது, ஆய்வுக்கு மட்டும் என்றேன்.

"மனுசனுக்கு ஆவாத சாமானுக்கா இந்தப் பேஜாரு?" என்று சொல்லிக்கொண்டே போய், ஒரு பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தார். ஐஸில் கல்லுப்பைக் கலந்தால் ஏறக்குறைய மைனஸ் இருபது வரை இறங்கும் என்று கல்லூரியில் படித்திருந்ததால் கலந்தேன். அந்தப் பெட்டியில் அதுவரை வஞ்சிர மீன் இருந்திருக்கிறது. உன் புரதம் இரண்டு நாள் அதன் இடத்தில் குடியிருந்தது. சாலமோன் ஐஸ் போட்டபடி இருந்தார், நான் உப்புப் போட்டபடி இருந்தேன்.

இன்று பிற்பகல் மின்சாரம் வந்தது. ஃப்ரீசருக்கு மாற்றுமுன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று புரதம் இருந்த விரல்நுனி அளவுக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். காலி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காலி. திருகு மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காயத்ரி, உள்ளே ஒன்றுமே இல்லை. உப்புத் தண்ணீர் புகுந்து கரைத்துவிட்டதோ, நான் சாய்த்து வைத்துவிட்டேனோ, ஒன்றும் விளங்கவில்லை. அப்போது சாலமோனின் மனைவி சந்திரம்மா பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தார்.

"தொடச்சி வெச்சாப்ல கீதே சார். கம்பெனிக்காரன் வெறும் டப்பாவ அனுப்பிட்டானா?"

"இல்லையம்மா. நான்தான் ஏதோ செய்துவிட்டேன்."

"எல்லாத்துக்கும் நீங்களே காரணம்னா மத்தவங்களுக்கு வேலையே இல்லியே."

உன்னை அழைத்துப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது. இனி மறைப்பதில் பயனில்லை, காலிக் குப்பியையே கட்டி, நாளைத் திறக்கும் உன் ஆய்வகத்தில் சேர்க்கும்படி, காலையில் செங்கல்பட்டு போகும் வேன்காரர் ரமேஷிடம் இக்கடிதத்துடன் கொடுத்தனுப்பலாம் என்று காகிதத்தில் சுற்றத் தொடங்கினேன். சந்திரம்மா தடுத்தார்.

"வெறும் ஏனத்தையா குடுத்தனுப்புவாங்க? அதுவும் படிக்கிற பொண்ணுக்கு?"

எங்கள் தெருவில் குழம்பு வந்த கிண்ணம்கூட வெறுமையாகத் திரும்பாது, உனக்கே தெரியும். இது அந்த வகைப் பாத்திரம் இல்லை என்று பணிவாகச் சொல்ல நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோதே அவர் வீட்டுக்குப் போய் வந்து, குப்பியில் இரண்டு சிட்டிகை சர்க்கரை போட்டு மூடியைத் திருகிவிட்டார். இரண்டு நாளாக அவர்கள் வீட்டு ஐஸ். குப்பியை வாங்கிச் சுற்றி முடித்தேன்.

உன் வழிகாட்டியின் மனம் இளகவும், இன்னொரு குப்பி சீக்கிரம் கிடைக்கவும், இந்தக் கிழவன்மேல் உனக்கு வரப்போகும் கோபம் ஒரு வாரத்துக்குள் ஆறவும் வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவன் போனில் கத்துவான்.

உன் நன்மையையே நினைத்திருந்த,
பெரியப்பா ஜானகிராமன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நீ அழைத்தாய். குப்பி காலியாகத் தெரிகிறதே என்று மட்டும் கேட்டேன். "காலியாத்தான் தெரியும் பெரியப்பா, பயப்படாதீங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி அது. பொடியா இருக்கிற வரைக்கும் வெளியில ரெண்டு வாரம் வெச்சாலும் கெடாது. திறக்காம மட்டும் வெச்சிருங்க" என்றாய். "சரிம்மா" என்றேன். அதற்குமேல் பேசத் தைரியம் வராததால்தான் இக்கடிதம் உன்னிடம் வருகிறது. குப்பி காலி என்று நான் எழுதியுள்ள இடங்களை அடித்துவிடு. அப்போது அது காலியாக இல்லை. இப்போது நிச்சயமாகக் காலியாக இல்லை. ஐஸ் பெட்டியில் நனைந்து ஒட்டிக்கிடந்த துண்டறிக்கையை இப்போதுதான் காயவைத்துப் பின்பக்கம் படித்தேன். புரதம் கெடாமலிருக்க நிறுவனமே ஒரு வகைச் சர்க்கரை சேர்த்திருக்கிறதாம். சந்திரம்மா போட்டது ரேஷன் கடைச் சர்க்கரை. இரண்டும் ஒத்துப்போகுமா என்று உன் வழிகாட்டியிடம், என் பெயரைச் சொல்லாமல், கேட்டுப் பார்.